நாலாவது படம்

படகின் சின்ன அறைக் கதவுக்கு மேலே ஒரு பலகையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள், அதில் ஆறு படங்கள் இருந்தன, ஆறையும் செண்பகவல்லி இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் படத்தில் ஒருவன் ஓடுகிறான், அவன்மேல் குறுக்குக் கோடு. ஓடக்கூடாது. இரண்டாவதில் கை நீட்டி எதையோ தின்னக் கொடுக்கிறான், அதற்கும் கோடு. மூன்றாவதில் பையைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகிறான், கோடு. நாலாவதுதான் கவுன் போட்ட ஒரு பெண், அவள் பக்கத்தில் ஒரு சிவப்புத் துளி. இதற்குக் கோடு கிடையாது. காயமோ மாதவிலக்கோ இருந்தால் தீவில் இறங்கியதும் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. வரைந்தவனுக்கு அளவு பிடிபடவில்லை, துளி அந்தப் பெண்ணின் தலையைவிடப் பெரிதாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவளுக்கு அளவு தப்பினால் கண் அங்கேயே போய் நின்றுவிடும், கழுத்து வெட்டு அரை அங்குலம் இறங்கியிருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அந்த மாதிரிதான் இதையும் பார்க்கிறேன், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே கை சுடிதாரின் பின்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தது. மெரூன் நிறச் சுடிதார். பட்டாலும் தெரியாத நிறம் என்று கடையில் பார்த்துப் பார்த்து எடுத்தது. இருபத்திரண்டு நாளாக இதே வேலை, உட்கார்ந்து எழுந்தால் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. ஐம்பத்தாறு வயசில். நின்றுபோய் முழுசாக ஐந்து வருஷம் ஆனபிறகு. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே விமானம் ஏறி, இந்தப் படகிலும் ஏறி உட்கார்ந்தாயிற்று.

கடல் இப்படியும் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்தது திருச்செந்தூர்க் கடல், காலடியில் வந்து விழுந்து சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற கடல். இங்கே அலையே இல்லை. சும்மா கிடக்கிறது என்று நினைக்கும்போதே தண்ணீருக்குள் ஒரு வட்டம் சுழல்கிறது, பெரிய அண்டாவில் யாரோ மத்தைப் போட்டுக் கடைகிறார்கள், படகு அதன் ஓரத்தில் பட்டதும் முக்கி முனகி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒரு கடல் இன்னொரு கடலுக்குள் போகிற வாசல் இது என்று படகோட்டி சொன்னதாக மகன் திருமேனி சொன்னான். லாபுவான் பாஜோ என்ற துறைமுகத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள், இன்னும் தீவு வரவில்லை, ஆனால் தீவுகள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் நிழலாக இன்னொன்று. மரமில்லாத மலைகள், ஆளில்லாத மலைகள், கரிசல் காட்டில் கோடைக்குக் காய்ந்த புல் என்ன நிறமோ அந்த நிறம். நான் பட்டன் துளைக்கு ஊசி கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இது இங்கே இப்படியே இருந்திருக்கிறது, யாரும் பார்க்காவிட்டாலும் வெயில் அடித்திருக்கிறது, தண்ணீர் சுழன்றிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கும்பிட வேண்டும் போல இருந்தது, தீட்டோடு எப்படிக் கும்பிடுவது என்று கை மடியிலேயே கிடந்தது. தீட்டா இது? ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வருவதற்கு என்ன பெயர்? பெயர் தெரியும். பெயரைத்தான் நினைக்கக்கூடாது. பலகையைப் பார்த்தாள்.

"ஏளா செம்பகம், கேட்டியா," என்றார் கோமதிநாயகம். அவள் புருஷன், மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் தொங்குகிற பைனாகுலரோடு விடிந்ததிலிருந்து படகின் முன்னாலேயே நிற்கிறார். "ரத்த வாடை நாலு மைலுக்கு அங்கிட்டு இருந்தே இந்தத் தீவு உடும்புக்குத் தெரிஞ்சிருமாம். மூக்கால இல்ல. நாக்கால. நாக்கை நீட்டிக் காத்தை அப்படியே நக்கும்." அவள் சரி என்றாள். "பத்தடி நீளம் இருக்கும். எருமையையே சாச்சிரும்," என்றார். அதற்கும் சரி என்றாள். ஆயிரம் தடவை கேட்ட கதை. அவருக்கு இருபத்து மூன்று வயசில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு போஸ்ட்டில் ஏறியிருக்கிறார், பாதி உயரத்தில் மறுபக்கமாக ஓர் உடும்பு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்ததாம். மூக்குக்கு மூக்கு ஒரு சாண் தூரம். அது இறங்கவில்லை, இவர்தான் இறங்கினார். அன்றைக்கு முழுக்க ஒரு தெருவுக்குக் கரண்டு வரவில்லை. அது என்னைப் பாத்ததுல ஒரு அலட்சியம் இருந்துச்சுளா என்று கல்யாணம் ஆன புதிதில் சொன்னார், பெண்டாட்டியிடம் முதன்முதலாகச் சொல்கிற ரகசியம் இதுதானா என்று அவளுக்கு அன்றைக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு டிவியில் இந்தத் தீவின் உடும்பைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், மனுஷன் அதிலேயே விழுந்துவிட்டார், பேரப்பிள்ளை பிறந்தாலும் இவ்வளவு சந்தோஷப்படுவாரா தெரியாது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இன்ஜினியராக இருக்கிற மகன் ஒன்பது மாசத்துக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டுவிட்டான். ஒன்பது மாசமாக நாள்காட்டியில் நாளைக் கிழித்தவர் அவர். இருபத்திரண்டு நாளுக்கு முன் அதிகாலையில் அவள் குளியலறையில் நின்று காலுக்குக் கீழே பார்த்தபோது, வெளியே அவர் பெட்டிக்குள் எதை எதை வைக்கலாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அவர் பார்க்கட்டும். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது.

மற்றவர்கள் விஷயம் என்றால் அவளுக்கு இந்தத் தயக்கம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் எந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாலும் தையல் டீச்சரிடம்தான் அனுப்புவார்கள். அது எழுதி வைக்காத சட்டம். கணக்கு டீச்சர் பதறுவார், இங்கிலீஷ் டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார், பிள்ளை பாவாடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்து இவள் அறை வாசலில் நிற்கும். பீரோவின் கீழ்த்தட்டில் வெள்ளைத் துணி துவைத்து மடித்து அடுக்கியிருப்பாள். கதவைச் சாத்துவாள், துணியை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள், கன்னத்தைத் துடைத்துவிட்டுக் காதோடு சொல்வாள், யார்ட்டயும் சொல்லாத, வீட்டுக்குப் போயி அம்மாட்ட மட்டும் சொல்லு. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள். அத்தனை பேர் காதிலும் முதல் வார்த்தையாக நான் போட்டது யார்கிட்டயும் சொல்லாதே என்பதுதான் என்று இப்போது நடுக்கடலில் உறைத்தது. வயிற்றுக்கடியில் மெல்ல ஒரு சுண்டு சுண்டியது. அவள் பிடித்துக்கொள்ளவில்லை, பிடித்தால் மகன் பார்ப்பான். மகனிடம் எப்படிச் சொல்வது. அவன் சின்னவனாக இருந்தபோது, மாசத்தில் மூன்று நாள் அவள் கொல்லைப்பக்க அறையில் தனிப் பாயில் படுப்பாள், அவன் ஓடி வந்து மேலே விழப் பார்ப்பான், அம்மா மேல பல்லி விழுந்திருச்சு, தொடாத ராசா, குளிச்சிட்டு வந்து தூக்குதேன் என்பாள். ரெண்டாம் வகுப்பு வரைக்கும் அதை நம்பினான். ஒருநாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் பல்லியை அடிக்கக் கிளம்பிவிட்டான், எங்கம்மா மேலயே ஏன் விழுது என்று அழுகை. இப்போது இருபத்தெட்டு வயசு, எதிரே காலை நீட்டிக்கொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தது தெரியாதது மாதிரி இருப்பதுதான் வீடு நடக்கிற விதம்.

பல்லியை நினைத்தால் காஞ்சிபுரம் வந்துவிடும், அதைத் தடுக்க முடியாது. எட்டாம் வகுப்பில் சுற்றுலா. பெருமாள் கோவிலில் படியேறி மேலே கூரையில் இருக்கிற தங்கப் பல்லியைத் தொட வேண்டும், தொட்டால் பல்லி விழுந்த தோஷம் எதுவும் அண்டாது. வரிசையில் நிற்கும்போது அவளுக்கு வந்துவிட்டது, அதுதான் மூன்றாவதோ நாலாவதோ தடவை, சொன்னால் வெளியே நிறுத்திவிடுவார்கள், தனியாக அந்தப் பெரிய மதிலோரம் நிற்க வேண்டும். சொல்லவில்லை. ஏறினாள், தொட்டாள், விரல் நுனியில் பல்லியின் முதுகு வழுவழுவென்று குளிர்ந்து இருந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் விரலில் இருக்கிறது. ஊருக்கு வந்தால் அடுத்த கூத்து. காஞ்சிபுரத்துப் பல்லியைத் தொட்டு வந்தவர்களைத் தொட்டாலும் தோஷம் போகும் என்று தெருவே வந்து அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனது. தலையில் பல்லி விழுந்து நாலு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த எதிர்வீட்டு ஆறுமுகநயினார், பதிமூன்று வயசுப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் செத்துப்போவார், என்னால்தான் செத்துப்போவார் என்று வருஷக்கணக்காக அவரை வாசலில் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். மனுஷன் தொண்ணூறு வயசு வரை இருந்து, அவள் கல்யாணத்தில் மூன்று பந்தி பாயசம் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது புத்திக்குத் தெரிகிறது, வயிற்றில் சுண்டும்போது மட்டும் அந்தப் பல்லி ஏன் ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. பேச்சியக்காவுக்கும் அப்படி ஏதாவது ஞாபகம் வந்திருக்குமோ.

பேச்சியக்கா அவள் கூடப்பிறந்த மூத்தவள். நின்று ஆறு வருஷம் கழித்து வந்தபோது, நான் மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன்டி, சீர் செய்யி என்று சிரித்தாள். செண்பகவல்லியும் சிரித்தாள், அதை நினைத்தால்தான் இப்போது நாக்கு கசக்கிறது, ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சூடு என்றார்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். எட்டு மாசம் கழித்து மதுரைக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், முதல்லயே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். முதலிலேயே என்றால் எப்போது? எட்டு மாசத்தில் எது முதல்? இருபத்திரண்டு நாள் முதலா, இல்லை அதுவும் தாண்டிவிட்டதா? செண்பகவல்லியும் சும்மா இருக்கவில்லை, ஒன்று செய்தாள், அதை யாரிடமாவது சொன்னால் வெட்கம். புருஷன் சபரிமலைக்கு மாலை போட்ட பதினெட்டு வருஷமும் வீட்டில் தீட்டு ஆகாது என்று தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கித் தின்றவள் அவள், செண்பகவல்லியம்மன் கோவில் கொடியேற்றத்துக்கும் அதே மாத்திரை, கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே மாத்திரை. பழக்கதோஷம். இந்தத் தடவையும் ரெண்டு தெரு தள்ளியிருந்த மெடிக்கலில் போய் அதே மாத்திரையை வாங்கினாள். கடைக்காரப் பையன் முகத்தைப் பார்த்தான், மகளுக்கு என்றாள். அவளுக்கு மகளே கிடையாது. சுவாமிக்காகத் தள்ளிப்போட்ட மாதிரி உடும்புக்காகவும் தள்ளிப்போடலாம் என்று நினைத்த புத்தியை என்ன சொல்ல. அது நிற்கவில்லை. நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக, பலகையில் இருக்கிற அளவுக்கு ஒரு துளி. வரைந்தவன் சரியாகத்தான் வரைந்திருக்கிறான் என்று தோன்றியது. தலையைவிடப் பெரிசுதான்.

"எம்மா, அங்க பாரு," என்றான் திருமேனி. தீவு வந்துவிட்டது. முதலில் அவள் கண்ணில் பட்டது உடும்பும் இல்லை, மலையும் இல்லை. பனை. காய்ந்த சரிவில் ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் கூட்டமாக, சாத்தூருக்குப் போகிற ரோட்டோரம் எப்படி நிற்குமோ அதே நிற்பு, அதே கறுத்த உடம்பு, காற்றில் ஓலை அடிக்கிற அதே சத்தம். "நம்ம பனைல்லா," என்றாள். "அதேதான்," என்றார் கோமதிநாயகம், அவர் குரலே மாறியிருந்தது. இத்தனை கடலைத் தாண்டி யார் கொண்டுவந்து போட்டது இந்த விதையை? இல்லை, இங்கேயிருந்துதான் அங்கே வந்ததா? எல்லாம் எங்கெங்கேயோ ஒன்றாகத்தான் இருக்கிறது, நாம்தான் தெரியாமல் இருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் மரகதப் பச்சையாகி, அடியில் மணல் தெரிந்தது, மணலில் படகின் நிழல் ஊர்ந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினான். அப்போதுதான் அந்தத் தீவின் அமைதி கேட்டது. இவ்வளவு அமைதிக்குள் நாலு மைல் தூரத்து ரத்தம் மணக்காமல் என்ன செய்யும். வாசனை ஏற்கெனவே போயிருக்கும், அவள் இறங்குவதற்கு முன்னாலேயே அவள் வந்துவிட்ட செய்தி காட்டுக்குள் போயிருக்கும். சொல்ல வேண்டும். படகிலேயே இருந்துகொள்கிறேன், முழங்கால் வலி என்று சொல்லலாம். சொன்னால் அவரும் போகமாட்டார், எனக்குத் தெரியும், நீ இல்லாம என்ன போ என்று கூடவே உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் போகலாம். போனால் இவர்கள் ரெண்டு பேரும் எனக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பார்கள், ஒன்று பாய்ந்தால் முதலில் குறுக்கே விழுவது மகன்தான், துடைப்பத்தோடு பல்லி அடிக்கக் கிளம்பியவன். சொல்ல வேண்டும். வழிகாட்டி கேட்கட்டும், கேட்டால் சொல்வேன். மரப்பாலத்தில் கால் வைத்தாள், கை பின்னால் போயிற்று.

வழிகாட்டியின் பெயர் சைஃபுல். குள்ளமான மனிதர், ஐம்பதுக்கு மேல் இருக்கும், வெற்றிலை போட்ட பல், கையில் ஆளுயரத்துக்கு ஒரு கவைக்கம்பு. அந்த ஒற்றைக் கம்புதான் காவல், துப்பாக்கி எதுவும் இல்லை. வேறு யாரும் அன்றைக்கு வரவில்லை, இவர்கள் மூன்று பேர்தான். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார், திருமேனி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். இங்கே இதற்கு ஓரா என்று பெயர். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது, ஆதியில் ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, ஒன்று மனிதப் பிள்ளை, இன்னொன்று ஓரா, அதனால் இது எங்களுக்கு உடன்பிறப்பு. செண்பகவல்லி அதைக் கேட்டு அப்படியே நின்றாள். ஒரே வயிற்றில் அதுவும் இதுவுமா. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, பையை ஆட்டக்கூடாது என்று சைஃபுல் விரலை மடக்கினார். அப்புறம் அவளைப் பார்த்து, பார்வையைத் தாழ்த்தாமல், மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். இங்கிலீஷ்தான், ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு முழுதாகப் புரிந்தது, படகில் மூன்று மணி நேரம் அதைத்தானே படித்துக்கொண்டு வந்தாள். திருமேனி அதைத் தமிழில் சொல்லவில்லை. காது மடல் சிவந்துபோய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவனே பதில் சொன்னான். அதெல்லாம் இல்லை, அம்மாவுக்கு வயசாகிவிட்டது. சைஃபுல் தலையாட்டினார், கம்பைத் தோளில் வைத்தார், திரும்பி நடந்தார். "என்னய்யா கேட்டாரு?" என்றார் கோமதிநாயகம். "ஒண்ணுமில்லப்பா, பொதுவா கேக்காரு. வாங்க," என்றான் மகன்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்காமலே, மகன் வாயால் பொய் ஆகிவிட்டது. பொய் என்று அவனுக்குத் தெரியாது பாவம், அவனும் நான் காதில் ஓதிய பிள்ளைகளில் ஒருத்தன்தான், யார்கிட்டயும் சொல்லாதே என்பது என் வயிற்றிலிருந்தே அவனுக்குப் போயிருக்கிறது. மூன்று பேர் முதுகும் முன்னால் போனது. பத்தடி. இருபதடி. பேச்சியக்கா சிரித்தாள், மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன்டி. டாக்டரம்மா கையைக் கழுவினார். குளிர்ந்த பல்லி விரல் நுனியில் வந்து நின்றது. புளியமரத்தில் ஏதோ பறவை கட்டைக் குரலில் ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்தியது. எம் மேல பல்லி விழுந்திருக்கு என்று சொல்லலாம், அவனுக்குப் புரியும், அது எளிது, நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வேண்டாம். இவ்வளவு தூரம் வந்து, உலகத்தின் இந்தக் கோடியில், ஓர் உடன்பிறப்பு உடும்பின் காட்டில் நின்றுகொண்டும் பல்லியின் மேல் பழியைப் போட வேண்டுமா. "திருமேனி," என்றாள். வகுப்பில் கூப்பிடுகிற குரல், மூன்று பேரும் திரும்பினார்கள். "நீ அவர்ட்ட சொன்னது சரியில்லய்யா. எனக்கு ரத்தம் போகுது. இன்னையோட இருபத்திரண்டு நாளு."

வானம் இடிந்து விழவில்லை. திருமேனியின் முகம் சின்னதாகிவிட்டது, துடைப்பம் பிடித்த முகம். "பெரியம்மாவுக்கு வந்த மாதிரியாம்மா?" என்றான். "தெரியல ராசா. தெரியாமத்தான் பயந்துக்கிட்டுக் கிடக்கேன்," என்றாள். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது. கோமதிநாயகம் பக்கத்தில் வந்தார். "ஏன்ளா சொல்லல?" "நீங்க இதைப் பாக்கணும்லா." "பெரிய உடும்பு," என்றார் அவர், முப்பது வருஷத்தில் அந்தப் பிராணியை அவர் திட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "திரும்பிருவோம். இப்பவே திரும்பிருவோம்." "மூணு மணி நேரம் கடல்ல வந்தாச்சு. ஒரு மணி நேரத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. பாத்துட்டுப் போவோம்," என்றாள் அவள். திருமேனி சைஃபுலிடம் இங்கிலீஷில் சொன்னான், இந்தத் தடவை முழுசாகச் சொன்னான். அவர் முகம் சுளிக்கவில்லை. விலகி நில் என்று சொல்லப்போகிறார் என்று அவள் கால் தானாக ஓரடி பின்னால் போயிற்று, நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம். "சொன்னது நல்லது. பரவாயில்லை. என் மனைவியும் இப்படி நாளில் காட்டுக்கு வருவாள், என் பக்கத்திலேயே நடப்பாள். அம்மாவும் என் பக்கத்தில் வரட்டும். கம்புக்கும் எனக்கும் நடுவில்," என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாளில் அந்த நாட்களில் ஒருத்தர்கூட அவளைப் பக்கத்தில் வா என்று சொன்னதில்லை.

காய்ந்த ஓடை வழியாக நடந்தார்கள். முதலில் அதைப் பனந்தடி என்றுதான் நினைத்தாள், ஓடைக்கு அக்கரையில் வெட்டிப்போட்ட பழைய தடி. சைஃபுல் கம்பைக் குறுக்கே நீட்டி அவளை நிறுத்தினார். தடி கண் திறந்தது. அப்புறம் அது எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, முன்னங்கால், தோள், இன்னும் வால் வந்து முடியவில்லை. கழுத்திலும் விலாவிலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, வளர்கிற பிள்ளைக்கு என்று துணியைத் தாராளமாக விட்டுத் தைத்த சட்டை, ஆனால் வளர்ந்து முடித்து யுகமாகிவிட்ட உடம்பு. ஒவ்வொரு நகமும் அவள் கத்தரிக்கோலின் அலகு நீளம். நாலு காலையும் அகட்டி, உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி, அவசரமே இல்லாமல் ஓடைக்குள் இறங்கி வந்தது. அதற்கு நேரம் இருந்தது. எல்லா நேரமும் அதனிடம்தான் இருந்தது. பத்துப் பதினைந்தடியில் நின்றது. நாக்கை நீட்டியது, மஞ்சளாக, நுனி பிளந்து, கையளவு நீளம், காற்றை இடது பக்கம் தொட்டு, வலது பக்கம் தொட்டு, பிறகு நேராக அவளை நோக்கி நீட்டி அப்படியே ஒரு கணம் வைத்திருந்தது. அவளுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மயிர்க்கூச்செடுத்தது. வீட்டில் யாருக்கும் இருபத்திரண்டு நாள் தெரியாததை அது ஒரு தடவை நாக்கை நீட்டித் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டு அருவருக்கவில்லை, பரிதாபப்படவில்லை, அதற்கு அது வெறும் செய்தி, இங்கே உயிரோடு ஒன்று நிற்கிறது என்கிற செய்தி. ஆமாம், நிற்கிறேன் என்று அவள் மனசுக்குள் சொன்னாள். பயமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக வேறு என்னமோ இருந்தது, அந்தக் கண்ணிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. படகில் தீட்டு என்று மடியில் கிடந்த கை இரண்டும் தானாக எழுந்து நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தன.

சைஃபுல் கம்பின் கவையைத் தாழ்த்தித் தரையில் ஊன்றினார். அது கம்பைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பிறகு இருந்த இடத்திலேயே வயிற்றைப் புழுதியில் பரப்பிப் படுத்துக்கொண்டது. புழுதி அடங்கியது. அவர் செல்போனில் படம் எடுக்கிற சத்தமே கேட்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பைனாகுலர் அவர் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எட்டயபுரம் ரோட்டுப் போஸ்ட்டிலிருந்து இறங்கிய நாள் முதலாக இதைப் பார்க்க வேண்டும் என்று கிடந்த மனுஷன், பத்தடி நீளத்தில் அது கண்ணுக்கு முன்னால் படுத்திருக்க, அதைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கி, வாய் கோணிப்போய், முப்பது வருஷமாகக் கூடவே இருந்த ஒருத்தியை இப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள். இந்த மாதிரி நாட்களில் அவரைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றாள், மெல்ல, ஆனால் ரகசியமாக இல்லாமல். "என்னை அங்க போய்ப் பாத்துக்கிடலாம். இப்ப அதைப் பாருங்க."

அவர் பார்த்தார்.